செங்கதிர் இறங்கிய சீசன்

விருதுநகர்
ஆகஸ்ட் 12

அன்புத் தம்பி கதிரவனுக்கு,

இங்கே நானும் பிள்ளையும் சுகம். உன் மச்சான் சுகம் என்று எழுத முடியவில்லை, காரணம் உனக்கே தெரியும். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், அவர் போனைப் பிடுங்கித் தன் பங்குக்குக் கத்துகிறார். குடும்ப குரூப்பை விட்டும் நீ வெளியே போய்விட்டாய். அதனால்தான் ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்ததும் தபால் ஆபீஸில் கவர் வாங்கி எழுதுகிறேன். காகிதத்தில் யாரும் கத்த முடியாது.

நம் நாரணாபுரம் இளந்தென்றல் டீம் இவர்களுடைய செங்கதிர் டீமை நாலு கோல் போட்டு ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். பிறந்த ஊர் ஜெயித்தால் எந்தப் பெண்ணுக்குக் கசக்கும்? கிரவுண்டுக்கு வெளியே சரவெடி கொளுத்தினீர்கள், அதுவும் சரி. சிவகாசிப் பக்கத்து ஆட்கள் வேறு என்ன செய்வீர்கள்? ஆனால் அந்த போஸ்டர் எதற்கடா?

வேலை பார்க்கிற பிரஸ்ஸிலேயே நாலு கலரில் அடித்து, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று தலைப்புப் போட்டு, ‘முதல் டிவிஷனை விட்டு விரைவில் பிரியப்போகும் செங்கதிர் கால்பந்துக் கழகம்’ என்று எழுதி, அவர்களுடைய மேனேஜர் சங்கிலிமுத்து அண்ணன் படத்துக்கு மாலையும் போட்டு, கிரவுண்டுச் சுவரிலிருந்து பஜார் வரைக்கும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய். உன் மச்சானின் பருப்புக் கடை ஷட்டரிலும் ஒன்று. செங்கதிருக்காகச் சாப்பாட்டைக்கூட மறக்கிற மனுஷன் அவர். காலையில் கடை திறக்க வந்தவர் முகம் எப்படி இருந்திருக்கும், நீயே நினைத்துப் பார்.

அண்ணனுடைய மனைவி முருகேஸ்வரி மதினி காய்கறி வாங்கப் போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். அண்ணன் மட்டும் நம் கடை ஷட்டர் முன்னால் நின்று முழுதாக வாசித்தார் என்று உன் மச்சான் சொன்னார். “அச்சு நல்லா விழுந்திருக்குய்யா. போட்டோதான் பழசு, இப்ப எனக்கு அம்புட்டு முடி கெடையாது” என்று சொல்லிவிட்டு, தான் புக்கிங் பார்க்கிற லாரி ஷெட்டுக்குக் கிளம்பிப் போனாராம்.

உன் மச்சான் உன்னை வீட்டுக்கு வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலிக்கு எழுதிக் கொடுத்த தைலத்தை வாங்கினாயா?

உன் அக்கா,
இசைவாணி


நாரணாபுரம்
ஆகஸ்ட் 19

அக்கா,

தைலம் வாங்கியாச்சு. அம்மா அதைத் தேய்க்காமல் பத்திரமாக வைத்திருக்கிறாள். தீபாவளி ஆர்டர் வரிசையில் நிற்கிறது; பிரஸ்ஸில் சாப்பிடக்கூட நேரமில்லை, வெடிப் பெட்டிக்கு லேபிள் அடித்துக் கை கறுத்துவிட்டது.

போஸ்டருக்கு வருகிறேன். முருகேஸ்வரி மதினி உட்கார்ந்துவிட்டார் என்பது மட்டும் உறுத்துகிறது. மற்றபடி எனக்கு வருத்தமில்லை. சங்கிலிமுத்து யார் என்று உன் புகுந்த ஊருக்கு வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம், உனக்குமா தெரியாது? முள்ளுக்காட்டை வெட்டி நம் கிரவுண்டை உண்டாக்கின ஆள். நம்ம சீனிச்சாமியை, கோல் காக்கிறதில் இந்த மாவட்டத்திலேயே நல்ல கோலி ஆக்கின ஆள். இரண்டாம் டிவிஷனில் கிடந்த நம்மை முதல் டிவிஷனுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். ஏறிய மறு வருஷமே விருதுநகரில் வேலை கிடைத்தது என்று போய்விட்டார். வேலைக்குப் போகட்டும், வயிறு இருக்கிறது. போன இடத்தில் எதிராளி டீமுக்கு மேனேஜராகணும் என்று என்ன தலையெழுத்து?

சரி, ஆட்டத்துக்காவது வருவோம். கடைசி இடத்தில் கிடக்கிற டீம் என்ன செய்யணும்? பந்தைத் தூக்கி முன்னால் அடித்துவிட்டு ஓடணும். இவரோ கோலியிடமிருந்தே தரையில் உருட்டி, பாஸ் கொடுத்து, பாஸ் கொடுத்து ஆடச் சொல்கிறார். நடுவில் ஒரு பயல் விட்டான் என்றால் நமக்கு கோல். நாலு கோலில் மூன்று அப்படி விழுந்ததுதான். பத்து டீமில் கடைசி இரண்டு டீம் கீழே இறங்கணும். ஒன்று செங்கதிர் என்று நான் எழுதித் தருகிறேன்.

மச்சானிடம் விசாரித்ததாகச் சொல். சொல்ல வேண்டாம், விடு.

கதிரவன்


விருதுநகர்
செப்டம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதித் தருகிறேன் என்ற பிறகு செங்கதிர் இரண்டு மேட்ச் ஜெயித்து, ஒன்று டிராவும் செய்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் நான் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில்தான் அவர்கள் பிராக்டிஸ் செய்யும் கிரவுண்டு. போன வாரம் கம்பிவேலிப் பக்கம் நின்று பார்த்தேன். ஊர் விசுவாசம் குறைந்துவிட்டதென்று நினைக்காதே, குற்றம் கண்டுபிடிக்கத்தான் நின்றேன். கிளப் பிரசிடென்ட் சீனிவாசகம் முதலாளி அங்கே வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை மகன் மணிகண்டராஜ்தான் இவர்களுடைய நல்ல பார்வர்டு. இரண்டு நாள் பிராக்டிஸுக்கு வராததால் அவனை அண்ணன் வெளியே உட்கார வைத்துவிட்டார். “என் வீட்டுப் பிள்ளையை நீங்க உக்கார வைப்பீகளா?” என்று முதலாளி கேட்டார். அண்ணன் சத்தமே போடவில்லை. “கிரவுண்டுக்குள்ள உங்க வீட்டுப் பிள்ள, எங்க வீட்டுப் பிள்ளன்னு இல்லையே முதலாளி. வந்தவன், வராதவன், அம்புட்டுத்தான்.” அந்தப் பையன் இல்லாமலேதான் அந்த வாரம் ஜெயித்தார்கள். இப்போது பிராக்டிஸுக்கு அவன்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறான்.

இன்னொன்று பார்த்தேன். உங்களோடு ஆடிய மேட்ச்சில் பந்தை விட்டுவிட்டு கோலுக்குக் காரணமானானே ஓர் ஒல்லிப் பையன், பெயர் பிச்சைக்கனி, அவனை அண்ணன் நீக்கவே இல்லை. உன் மச்சான் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். அதற்கு அவர், “தப்புப் பண்ணினவன உக்கார வச்சா, மிச்சம் பத்துப் பேரும் தப்புப் பண்ணாம இருக்கத்தான் ஆடுவான். ஜெயிக்க எவன் ஆடுவான்?” என்றாராம். வார்டில் புதுசாக வந்திருக்கிற நர்ஸ் பிள்ளைகளை நான் திட்டுகிற திட்டை நினைத்துக்கொண்டேன்.

சரி, கோபம் வேண்டாம். என் டீம் இளந்தென்றல்தான்.

உன் அக்கா,
இசைவாணி


நாரணாபுரம்
செப்டம்பர் 22

அக்கா,

சாத்தூரில் நேற்று செங்கதிர் ஆடியதை நானே போய்ப் பார்த்தேன். நீ எழுதியதற்காக இல்லை. இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழி.

தோற்றார்கள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஜெயித்த டீமை விட நல்லா ஆடினார்கள். அந்தத் தரைப் பாஸ் இப்போது ஒட்டிக்கொண்டது. அந்த ஆளுக்கு மூளை இருக்கிறது, மறுக்கவில்லை. ஈரம்தான் இல்லை. இருந்திருந்தால் நம்மை விட்டுப் போயிருப்பாரா?

கணக்கு இப்போது சுலபம். ஒன்பதாவது இடத்தில் இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு நம் கிரவுண்டில் நம்மோடு கடைசி மேட்ச். ஜெயித்தால் தப்பிப்பார்கள், டிரா செய்தாலும் இறங்குவார்கள். நம் கையாலேயே இறக்கிவிடுகிற பாக்கியம் எந்த ரசிகனுக்குக் கிடைக்கும்! மச்சானை வரச் சொல், நிழலில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

கதிரவன்


விருதுநகர்
செப்டம்பர் 27

தம்பி,

நேற்று முன்தினம் போனில் உன் குரலைக் கேட்டபோது என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. வெம்பக்கோட்டை ரோட்டுப் பட்டாசு ஆலையில் வெடி விபத்தாகிக் கொண்டுவந்தவர்களை எங்கள் வார்டில்தான் சேர்த்தார்கள். ஸ்ட்ரெச்சரில் முதலில் வந்த முகமே தெரிந்த முகம், நம் தெருச் சோலையம்மாள் அத்தை. “ஏ இசை, நீயாத்தா?” என்று ஒரு தடவை கேட்டார்கள். அதற்குப் பிறகு பேசவில்லை. மகன் சீனிச்சாமி வருவதற்குள் போய்விட்டார்கள். இத்தனை வருஷ வேலையில் நான் வார்டில் அழுததில்லை. அன்று அழுதேன்.

மற்றவர்களுக்கு ரத்தம் வேண்டும் என்று சொன்ன கொஞ்ச நேரத்தில் சங்கிலிமுத்து அண்ணன் வந்தார், பின்னாலேயே செங்கதிர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும். பிராக்டிஸை நிறுத்திவிட்டு அப்படியே அழைத்து வந்திருக்கிறார். படுக்கையில் படுத்துக் கை நீட்டும்போதுகூட எல்லோருக்கும் காலில் பூட்ஸ். நம் டீமில் இரண்டு பேருடைய வீட்டு ஆட்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வார்கள் என்று டாக்டர் சொல்கிறார். வீட்டில் தைரியம் சொல்.

இங்கே கடைப் பக்கம் வேறு பேச்சு ஓடுகிறது. நாளைக்கு நாரணாபுரம் டீம் இறங்க முடியாது, வராத டீம் தோற்ற மாதிரி, மூன்று புள்ளி செங்கதிருக்கு வந்துவிடும், தப்பித்தோம் என்கிறார்கள். உன் மச்சானும் அந்தப் பேச்சில் இருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இசைவாணி


நாரணாபுரம்
செப்டம்பர் 29

அக்கா,

சோலையம்மாள் அத்தைக்கு போஸ்டர் நான்தான் அடித்தேன். பிரஸ்ஸில் வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை. ‘கண்ணீர் அஞ்சலி’ என்று கம்ப்யூட்டரில் தேடியபோது போன மாசம் நான் செய்து வைத்ததுதான் முதலில் வந்து நின்றது. அதை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாப் சுவரில் அதை ஒட்டிக்கொண்டிருந்தேன். டவுன் பஸ்ஸிலிருந்து சங்கிலிமுத்து அண்ணன் இறங்கினார், கூடவே செங்கதிர் டீம் மொத்தமும். காற்றில் என் காகிதம் மடங்கிக்கொண்டே இருந்தது. அவர் வந்து மேல் மூலை இரண்டையும் பிடித்துக்கொண்டார். நான் பசையை நீவினேன். ஒட்டி முடித்ததும் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு சீனிச்சாமி வீட்டுக்கு நடந்தார்.

சீனிச்சாமி அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் வாசலிலேயே நின்று அழுதார்கள்.

பிறகு நம் டீம் செகரட்டரி ஜெயச்சந்திரன் அண்ணனிடம் வந்து, “நாளைக்கு ஆட்டம் வேண்டாம்ணே. தள்ளிப்போடுறதுக்கு லீக் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வாறேன்” என்றார். எதிர் டீம் மேனேஜர் சம்மதித்தால்தான் மேட்ச்சைத் தள்ளிவைக்க முடியும் என்று விதி.

“ஏய்யா சங்கிலி, நாங்க வரலைன்னா உங்களுக்குத் தன்னால மூணு பாயின்ட். நீங்க தப்பிச்சிருவீக, தெரியுமில்ல?”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீக?”

“சாவு வீட்டுல இருந்து புள்ளிய எடுத்துட்டுப் போனா, நாளைக்கு எங்க பயலுகள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆடச் சொல்லுவேன்? நீங்க தெம்பா இருக்கறப்ப ஆடுவோம்ணே.”

ஜெயச்சந்திரன் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வாளியோடு அங்கேதான் நின்றேன். ஈரமில்லாத ஆள் என்று உனக்கு எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

கதிரவன்


விருதுநகர்
அக்டோபர் 6

அன்புத் தம்பிக்கு,

கிழிக்க மாட்டேன். ஆனால் எடுத்துக் காட்டவும் மாட்டேன்.

இங்கே பெரிய ரகளை. “யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீக?” என்று சீனிவாசகம் முதலாளி நம் கடையில் வைத்தே கேட்டார். “மேனேஜர் போடணும்னு விதி. அதான் போட்டேன். தப்புன்னா மேனேஜர மாத்திக்கிடுங்க முதலாளி” என்றார் அண்ணன். அந்த மணிகண்டராஜ்தான் முதலில் எழுந்து, “அண்ணன் இல்லைன்னா நானும் இல்ல மாமா” என்றானாம். பிறகு ஒவ்வொரு பையனாக எழுந்து நின்றிருக்கிறார்கள். முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

உன் மச்சான் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “கோவமும் வருது, எந்திரிச்சு அந்த மனுசனுக்குக் கைகுடுக்கணும்னும் தோணுது இசை. நான் அந்த மூணு பாயின்ட்டுக்கு ஆசப்பட்டேனே” என்றார். எனக்குக் கொஞ்சம் சமாதானமாயிற்று.

தீபாவளி கழிந்த ஞாயிறு மேட்ச் என்று சொல்கிறார்கள். எனக்கு அன்று டூட்டி. ஒன்று விடாமல் எழுது.

உன் அக்கா,
இசைவாணி


நாரணாபுரம்
அக்டோபர் 27

அக்கா,

இந்தத் தீபாவளிக்கு நம் தெருவில் யாரும் வெடி போடவில்லை. நேற்றுத்தான் ஊர் மறுபடியும் ஓரிடத்தில் கூடியது.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். விட்டுக் கொடுத்துவிடலாம் என்று நம் ஆட்களிலேயே பேச்சு இருந்தது. நமக்கு இறங்குகிற பயமில்லை, தோற்றால் ஒன்றும் குறையாது, அவர்கள் செய்ததற்கு நன்றிக்கடனாக இருக்கும் என்றார்கள். நானும் அதில் ஒருவன். அது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. நம் பையன்கள் வேப்பமரத்தடியில் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது விறுவிறுவென்று வந்தார். பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள்தானே, எழுந்து நின்றுவிட்டார்கள்.

“ஏலே, எவனாச்சும் காலத் தளத்துனீங்கன்னா எங்க டீமக் கூட்டிக்கிட்டு அப்படியே பஸ் ஏறிருவேன். நாங்க ஆட வந்திருக்கோம், வாங்கிட்டுப் போக வரல. ஏ சீனி, நீ தைரியமா நில்லு. உங்க ஆத்தா உன்னைய இந்தக் கிரவுண்டுக்கு அனுப்பினது சும்மா நிக்கிறதுக்கு இல்ல.”

அதற்குப் பிறகு யாருக்குக் காலைத் தளர்த்த மனம் வரும்?

செங்கதிர் போட்ட கோலை நீ பார்த்திருக்கணும். அவர்களுடைய கோலி தரையில் உருட்டினான். பிச்சைக்கனி வாங்கி, திரும்பி, நடுவில் கொடுத்தான். அங்கிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து மறுபடி உள்ளே. நம் ஆட்கள் பந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மணிகண்டராஜ் அடித்துவிட்டான். சீனிச்சாமி பாய்ந்தும் விரல் நுனியில்தான் பட்டது. யாரோ கைதட்டுகிறார்களே என்று திரும்பிப் பார்த்தால், தட்டியது நான்தான். பக்கத்தில் நின்றவன் என்னை முறைத்தான். கொஞ்ச நேரத்தில் அவனும் தட்டினான்.

அப்புறம் அவர்கள் இரண்டாவது கோல் போட்டிருக்க வேண்டியது. இரண்டு தடவை சீனிச்சாமி தடுத்தான். முடியப்போகிற நேரத்தில் நமக்கு ஒரு கார்னர். எல்லோரும் உள்ளே முண்டியதில் பந்து பிச்சைக்கனி முழங்காலில் பட்டு அவன் கோலுக்குள்ளேயே போய்விட்டது. ஓர் அழகும் இல்லாத கோல், அக்கா. நம் கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. விசில் அடித்தபோது ஒன்றுக்கு ஒன்று. செங்கதிர் இறங்கிவிட்டது.

பிச்சைக்கனி குப்புற விழுந்து மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அண்ணன் நம் பையன்கள் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துவிட்டு, அவன் பக்கத்தில் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தூக்கவில்லை, ஆறுதலும் சொன்ன மாதிரி தெரியவில்லை. அவனாக எழுந்திருக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலையாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மச்சான் ஓரத்துக் கயிற்றைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். ஒரு கலர் சோடா வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் வாங்கிக் குடித்தார்.

கதிரவன்


விருதுநகர்
நவம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். கலர் வந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். நீயே அர்த்தம் செய்துகொள்.

இங்கே ஒரு செய்தி உலவுகிறது. நாரணாபுரத்துக்காரர்கள் சங்கிலிமுத்து அண்ணனைத் திரும்பக் கூப்பிட வரப்போகிறார்களாம். உண்மையா? உன் மச்சானுக்கு மூன்று நாளாகக் கடையில் எடையே சரியாக நிற்கவில்லை. “போனா தப்புச் சொல்ல முடியாது, முதல் டிவிஷன் முதல் டிவிஷன்தான்” என்கிறார், சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப்போடுகிறார். எனக்கும் தெரியவில்லை தம்பி. பிறந்த ஊருக்கு நல்லது நடக்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகள் பிராக்டிஸுக்கு வந்து காத்து நிற்பதைத் தினமும் நான்தான் பார்க்கிறேன்.

உன் அக்கா,
இசைவாணி


நாரணாபுரம்
ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் பதில் போடாததற்குத் திட்டாதே. முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன்.

செய்தி உண்மைதான். ஜெயச்சந்திரன் அண்ணனும் நானும் லாரி ஷெட்டுக்கே போனோம். நான்தான் பேசினேன், நீ நம்பமாட்டாய். “எங்களுக்கு நீங்க வேணும்ணே, வந்திருங்க” என்றேன். அவர் எங்களுக்கு டீ சொல்லிவிட்டு, குடித்து முடிக்கிற வரைக்கும் லோடு ஏற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க கூப்பிட்டதே எனக்குப் போதும்யா. ஆனா இந்தப் பயலுகள எறக்கிவிட்டது நான். இவங்கள அங்கன விட்டுட்டு நான் மட்டும் மேல ஏறி வரவா?”

அதற்கு மேல் எப்படிக் கேட்பது? ஜெயச்சந்திரன் அண்ணன் கும்பிட்டுவிட்டு எழுந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. கடைசி கார்னருக்கு அத்தனை பேரையும் கோலுக்கு முன்னால் இழுத்து வைத்தது தப்பு, இரண்டு பேரை வெளியே நிறுத்தியிருக்கணும் என்றேன். “அப்படியா சொல்றீக?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். டீ கிளாஸ், ஸ்டாப்ளர், பசை டப்பா எல்லாவற்றையும் மேஜையில் டீமாக அடுக்கி வைத்துக்கொண்டு வாதாடினோம். டிரைவர்கள் வேறு வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசி வரைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இவ்வளவு சந்தோஷமாக ஒரு பொழுது போய் எத்தனையோ காலம் ஆகிறது.

பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். நம்மை விட்டுப் போனார், போனார் என்று மூன்று வருஷமாகப் புலம்பினேன். நம்மை மேலே ஏற்றிவிட்ட பிறகுதானே போனார்! கீழே கிடந்தவரைக்கும் எத்தனை பேர் கூப்பிட்டும் நம்மை விட்டு அசையவில்லை. அது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை.

வருகிற ஞாயிறு செங்கதிருக்கு இரண்டாம் டிவிஷனில் முதல் மேட்ச். பார்க்க ஆள் வராது என்று கேள்விப்பட்டேன். இங்கிருந்து ஒரு வேன் நிறைய வருகிறோம். சீனிச்சாமிதான் முதலில் பெயர் கொடுத்தான். அம்மாவும் வருகிறாள், உன் கையால் சாப்பிடணுமாம். மேட்ச் முடிந்ததும் எல்லோரும் உன் வீட்டுக்குத்தான். நிறைய உலை வை.

மச்சானிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. நான் அவர் பக்கத்தில்தான் நிற்பேன். கைதட்டினால் அது அந்த மேனேஜருக்கு மட்டும்தான், செங்கதிர் டீமுக்கு இல்லை. அவர் நம்பமாட்டார். நம்ப வேண்டாம் என்றும் சொல்.

உன் தம்பி,
கதிரவன்